மேல் மாடியில் யார்?

நகரத்தின் சூட்டை 30 ஆண்டுகளுக்கு மேல் பாடமாக நடத்திய ஒரு கட்டடக் கலைப் பேராசிரியையின் அனுபவம்

அகமதாபாத்தில் ஆர்க்கிடெக்ட் என்று சொன்னால் தனி மரியாதை. லெ கார்பூசியே இந்த ஊரில் நான்கு கட்டடங்கள் கட்டினார். லூயி கான் ஐ.ஐ.எம். வளாகத்தைக் கட்டினார். பி.வி. தோஷி 1962இல் தொடங்கிய கட்டடக் கலைப் பள்ளி இன்று ஒரு பல்கலைக் கழகம். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர்தான். குளிர்காலம் வந்தால் வெளிநாட்டு மாணவர்கள் காமிராவும் கையுமாக வந்து இறங்குவார்கள். மே மாதத்தில் யாரும் வருவதில்லை.

அந்த மே மாதம்தான் என் பாடம். நகரம் ஏன் சுடுகிறது, அந்தச் சூட்டை எப்படிக் குறைப்பது, மரமும் குளமும் சதுப்பு நிலமும் சாக்கடைக் குழாய் மாதிரி, மின்கம்பி மாதிரி நகரத்தின் அடிப்படை வசதிகள்தானே என்பதையெல்லாம் கல்லூரியில் நடத்தி ஓய்வு பெற்றேன். நான் சேர்ந்தபோது இந்தப் பாடத்துக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. இன்று பருவநிலைத் தகவமைப்பு என்கிறார்கள், பசுமைக் கட்டமைப்பு என்கிறார்கள். பட்ட மேற்படிப்பே இருக்கிறது. பெயர் கிடைத்ததும் விஷயம் நழுவிப்போகிறதோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா 1950களில் ஆரணிப் பக்கத்திலிருந்து மில் வேலைக்காக இங்கே வந்தவர். கிழக்கு அகமதாபாத்தில் மில்களைச் சுற்றி இருந்த வரிசை வீடுகளுக்கு 'சாலி' என்று பெயர். ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு, வாசலில் 'ஓட்லோ' - நம் ஊர்த் திண்ணைதான். கூரை தகரம். அதைப் 'பத்ரா' என்பார்கள். கோடை இரவுகளில் பத்ராவுக்குக் கீழே யாரும் படுக்க மாட்டார்கள். சந்து முழுக்கக் கயிற்றுக் கட்டில்கள் வந்துவிடும். தமிழ், குஜராத்தி, தெலுங்கு, இந்தி என்று எல்லா மொழியிலும் குறட்டை கேட்கும்.

எனக்கு 13 வயதானபோது அம்மா, "இனிமே நீ உள்ளே படுடி" என்றாள். பக்கத்து வீட்டு மாமி, எதிர் வீட்டு குஜராத்திப் பெண்கள் எல்லோரும் அப்படி உள்ளே போனவர்கள்தான். ஆண்கள் வெளியே காற்றாட. பெண்களும் கைக்குழந்தைகளும் தகரத்துக்கு அடியில். அம்மா கோணிப் பையை நனைத்துக் கூரையில் போடச் சொல்வாள். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். தண்ணீர் கூடுதலாகச் செலவாகிறதே என்று அதற்கும் சண்டை வரும்.

வெப்பம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதற்கு உலகம் முழுவதும் இன்று ஆயிரக் கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அம்மா அதை நான்கு சொல்லில் சொன்னாள்.

முதலாளிகளின் கட்டடம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அப்பாவின் மில்லை மூடினார்கள். 1980களில் அகமதாபாத் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. அதே ஆண்டு எங்கள் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் ஆசிரமம் சாலைக்கு அழைத்துக்கொண்டு போனார். மில் முதலாளிகள் சங்கத்துக்காக கார்பூசியே கட்டி 1954இல் முடித்த கட்டடம். மேற்கு முகப்பில் கான்கிரீட் தடுப்புகள் சாய்வாக நிற்கின்றன. மாலை வெயில் உள்ளே வராது. சபர்மதியைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில் அவை நேராக நிற்கின்றன. ஆற்றுக் காற்று தடையில்லாமல் வரும்.

நான் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. பிரமித்தேன். வெயிலையும் காற்றையும் இவ்வளவு நுணுக்கமாக யோசித்து ஒரு கட்டடத்தை எழுப்ப முடியும் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். அந்த யோசனை ஆற்றைத் தாண்டி அந்த மில்களில் வேலை பார்த்தவர்களின் கூரை வரை ஏன் போகவில்லை என்ற கேள்வியும் அங்கேதான் வந்தது. என் தொழில் வாழ்க்கை முழுக்க அந்த ஒரே கேள்வியின் விரிவுரை என்று சொல்லலாம்.

எங்களுக்குப் பாடப் புத்தகம் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கரும் அவருடைய சகாக்களும் எழுதி 1970களில் வெளிவந்த வெப்பமண்டல வீடமைப்புக் கையேடு. கோனிக்ஸ்பெர்கர் பெர்லின்காரர். நாஜிகளால் வேலை இழந்து, 1939இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து தலைமை ஆர்க்கிடெக்டானவர். புவனேஸ்வரத்துக்குத் திட்டம் போட்டவரும் அவர்தான். சூரியன் எந்த மாதம் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு விழும் என்று கணக்குப் போட அந்தப் புத்தகம் கற்றுக்கொடுத்தது. கணக்கு எனக்குப் பிடித்தது. 1991இல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். மாணவர்கள் தூங்குவதற்கு ஏற்ற நேரம்.

அவர்களை எழுப்ப ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து, மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து வரச் சொன்னேன். ஒருவர் தகரக் கூரை வீடு, ஒருவர் கான்கிரீட் அடுக்கு மாடியின் கடைசித் தளம், ஒருவர் பழைய நகரத்துப் 'போள்' வீடு, ஒருவர் வேப்ப மரத்தடி.

கோடுகள் வரைந்து பார்த்தபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தகரம் வெயிலோடு ஏறி, வெயிலோடு இறங்குகிறது. பகலில் அடுப்பு, நள்ளிரவுக்குள் ஆறிவிடும். கான்கிரீட் வேறு ரகம். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே கக்க ஆரம்பிக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் கூரையின் அடிப்பக்கம் சுடும். மனிதர்கள் படுக்கப் போகும் நேரமும் கூரை சூட்டை இறக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. குறுகிய சந்தும் நடு முற்றமும் நிலத்தடி மழைநீர்த் தொட்டியும் உள்ள போள் வீட்டில் கோடு அதிகம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வேப்ப மரம் எல்லோரையும் ஜெயித்தது.

கட்டடக் கலை வரைபடங்களில் எப்போதும் பகல்தான். நிழல் 45 டிகிரியில் அழகாக விழும். இரவு 11 மணியை யாரும் வரைவதில்லை. நாங்கள் வரைந்தோம்.

"இது தோட்டக்கலை"

இதற்கெல்லாம் கல்லூரி உலகத்தில் என்ன மதிப்பு என்று ஒரு பதவி உயர்வு நேர்காணலில் தெரிந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். மர நிழலும் தெரு வெப்பமும் பற்றிய என் ஆய்வைப் புரட்டிய குழு உறுப்பினர் ஒருவர், "மேடம், மரம் நடுவது தோட்டக்கலை. நீங்கள் கட்டடக் கலை ஆசிரியை. எத்தனை கட்டடம் கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கட்டிய வீடுகள் மூன்று. பதவி உயர்வு ஆறு ஆண்டுகள் தள்ளிப்போனது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டுவதுதான் ஆர்க்கிடெக்டின் வேலை என்று எங்கள் தொழில் முழுவதுமே நம்பியது. ஒரு மரத்தை வெட்டாமல் காப்பாற்றியவருக்குத் தன் பெயரைக் கல்வெட்டில் போட்டுக்கொள்ள வழியில்லை.

பிறகு 2010 வந்தது.

அந்த ஆண்டு மே 21ஆம் தேதி அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி. பேப்பரில் சிலர் வெயிலுக்குப் பலியானதாகச் செய்தி வந்தது. அந்த வாரத்தில் எங்கள் பழைய சாலியில் எதிர் வீட்டு மாமா இறந்துபோனார். அப்பாவுடன் மில்லில் தறி ஓட்டியவர். சாலி வீடுகளின் மேல் அதற்குள் ஒரு மாடி ஏறியிருந்தது. கீழே மகன் குடும்பம், மேலே தகரத்தடியில் மாமா. முழங்கால் வலியால் இறங்கி வந்து தெருவில் படுப்பதை விட்டுவிட்டார். கட்டில் போட இடமும் இல்லை. சந்து முழுக்க மோட்டார் சைக்கிள்கள். காலையில் டீ கொண்டுபோன பேத்தி பார்த்தாள். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள்.

2014இல் ஓர் ஆய்வு வெளியானது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் நடந்த சாவுகளை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். வழக்கத்தைவிட 1,344 சாவுகள் அதிகம். 43 சதவீத உயர்வு. வெயில் என்ற சொல்லே சான்றிதழில் ஏறாமல் போனவர்கள் அவர்கள். மாமாவும் அந்த 1,344இல் ஒருவரா? எந்தக் கணக்கும் அதைச் சொல்லாது. இதயம் பலவீனமான முதியவர் வெயில் இல்லாமலும் இறந்திருக்கலாம். மொத்தமாகக் கூட்டினால்தான் வெயில் தெரிகிறது. தனித்தனியே பார்த்தால் மறைந்துகொள்கிறது. அதனால்தான் அதற்கு எதிராக எந்த ஊர்வலமும் போனதில்லை.

அகமதாபாத் மாநகராட்சி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் முதலியவற்றுடன் சேர்ந்து 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அப்படி ஒன்று அதுவே முதல். முன்னறிவிப்பில் 45 டிகிரியைத் தொட்டால் சிவப்பு எச்சரிக்கை, மருத்துவமனைகளுக்குத் தகவல், தண்ணீர்ப் பந்தல்கள், பூங்காக்களைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தல். ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் தப்பியதாக 2018இல் வெளிவந்த மதிப்பீடு சொன்னது. 2016 மே 20ஆம் தேதி வெப்பம் 48 டிகிரியைத் தொட்டபோது ஊர் 2010 மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. அந்த எச்சரிக்கையின் நிறங்கள் பகல் வெப்பத்தை வைத்துத்தான் மாறின. மாமா மாதிரி இரவில் கூரையிடம் மாட்டிக்கொள்பவர்களுக்கு அதில் தனி நிறம் கிடையாது.

கீழே இறங்கிய வார்டு

ஆனால் அந்த ஆண்டுகளில் என்னை அதிகம் பாதித்தது இன்னொரு சிறிய ஆய்வு. அகமதாபாத்தின் ஒரு மருத்துவமனையில் 2010 கோடையில் பச்சிளங் குழந்தைகள் சூட்டினால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அப்படி வந்தவர்களின் எண்ணிக்கை 43 சதவீதம் கூடியதாக டாக்டர்கள் கணக்கிட்டார்கள். பிரசவ வார்டு இருந்த இடம் மேல் மாடி. குளிர்சாதன வசதி கிடையாது. பிறகு வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். பாதிப்பு பெருமளவு குறைந்தது.

ஒரு செங்கல் கூடுதலாக வைக்கவில்லை. புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கட்டில்களைக் கீழே இறக்கினார்கள், அவ்வளவுதான். அதைப் படித்த அன்று எனக்கு அம்மாவும் அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். 13 வயதில் கேட்ட விஷயம் ஆய்விதழில் அச்சாகியிருந்தது. பருவநிலைத் தகவமைப்பு என்ற பெரிய சொல்லுக்கு முதல் அர்த்தம், கூரைக்கு அடியில் யாரைப் படுக்க வைக்கிறோம் என்று பார்ப்பதுதான்.

இரண்டாவது வேலை அந்தக் கூரையைச் சரி செய்வது. குஜராத்தில் மொட்டை மாடியில் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டைப் பதிப்பது பழைய வழக்கம். தோஷி 'சங்காத்' என்ற தன் அலுவலகத்தின் வளைந்த கூரைகள் முழுவதையும் அப்படித்தான் மூடினார். நம் ஊரில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பார்கள். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டுக்கு வெறும் சுண்ணாம்பு அடித்தால்கூட உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். 2017இல் மாநகராட்சி இதை ஒரு திட்டமாகவே ஆரம்பித்துக் குடிசைப் பகுதிகளில் அடித்தது.

செலவு கம்மி, சிக்கல் வேறு இடத்தில். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும். ஜனவரியில் உத்தராயண் பண்டிகைக்கு ஊரே பட்டம் விடக் கூரை ஏறும், மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடும். மார்ச் மாதம் மறுபடி அடிக்க வேண்டும். அடிப்பது யார்? பொதுப் பணித் துறையா, சுகாதாரத் துறையா, வாடகைக்கு விட்டவரா? ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய சின்ன வேலைக்கு நம் அரசாங்கங்களில் ஆள் கிடையாது. திறப்பு விழா நடத்தக்கூடிய பெரிய வேலைக்குத்தான் ஆள் உண்டு.

மரமும் குளமும் இதே கதைதான். பசுமை என்றதும் புல்வெளி போடுகிறார்கள், மேம்பாலத் தூணில் தொட்டிச் செடி கட்டுகிறார்கள். இரண்டும் தண்ணீர் குடிக்கும், நிழல் தராது. பஸ் நிறுத்தத்தில் ஒரு வேம்பு நின்றால் அதன் கீழே 20 பேர் நிற்கலாம். மரங்கள் அடர்ந்த தெருக்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்களின் தெருக்களாக இருப்பதை எந்த நகரத்திலும் பார்க்கலாம்.

பெரிய அளவில் பசுமைக் கட்டமைப்பு என்றால் என்ன என்று காட்ட மாணவர்களைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போவேன். நகரத்தின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம். கல்கத்தாவின் கழிவு நீர் கால்வாய்கள் வழியாக அங்கே போகிறது. மீனவர்கள் அதை ஆழமில்லாத குளங்களில் தேக்குகிறார்கள். வெயிலும் பாசியும் அழுக்கைத் தின்ன, பாசியை மீன் தின்கிறது. அந்த மீன் கல்கத்தா சந்தைக்கு வருகிறது. மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருபஜோதி கோஷ் 1980களில் கழிவு நீர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டே போய் இதைப் பார்த்தார். சுத்திகரிப்பு நிலையம் கட்டும் செலவில்லாமல் மீனவர்களே அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பதை உலகத்துக்குச் சொன்னார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நிலத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. 2002இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோஷ் 2018இல் காலமானார். மனை வியாபாரிகள் இன்னமும் அந்த நிலத்தின்மேல் கண் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குளக்கரையில் நிற்கும்போது மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "இதில் டிசைன் எங்கே, மேடம்?" பதிலை மீனவர் ஒருவரிடம் கேட்கச் சொல்வேன். எந்தக் குளத்தில் எத்தனை நாள் நீர் நிற்க வேண்டும், எப்போது மீன்குஞ்சு விட வேண்டும் என்று அவர் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆகும். நோட்டுப் புத்தகங்கள் வெளியே வரும்.

மதிப்பெண்ணும் துண்டறிக்கையும்

இன்று இந்தத் துறையில் வருபவர்களுக்கு என் காலத்துக் கஷ்டம் இல்லை. ஆய்வு நிதி வருகிறது. கருத்தரங்குகள் நட்சத்திர ஓட்டல்களில் நடக்கின்றன. உள்ளே குளிர் தாங்காமல் சால்வை போர்த்திக்கொண்டு நகரத்து வெப்பம் பற்றிப் பேசுகிறோம். வேறு ஒரு கஷ்டம் வந்திருக்கிறது. வெப்ப அலை வந்த அதே 2010இல் பல்கலைக் கழக மானியக் குழு ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. ஆய்விதழில் கட்டுரை எழுதினால் இத்தனை புள்ளி. விதிகள் பின்னர் மாறினாலும் எண்ணும் பழக்கம் போகவில்லை. என் மாணவி ஒருத்தி தகரக் கூரையைக் குளிர வைப்பது எப்படி என்று குஜராத்தியில் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதினாள். நாலைந்து சாலிகளில் அதைப் பார்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவளுடைய பதவி உயர்வுக் கோப்பில் அதை எங்கே எழுதுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைத்தான் சேர்த்தோம்.

தில்லியிலோ நாக்பூரிலோ ஹைதராபாத்திலோ அடுக்கு மாடி வீடு பார்க்கப் போகும் வாசகர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு யோசனை. பகலில் பார்த்தது போதாது. மே மாதம் இரவு 10 மணிக்கு ஒருமுறை போய்ப் படுக்கை அறைக் கூரையைத் தொட முடியாவிட்டாலும் அதன் கீழே 10 நிமிடம் நில்லுங்கள். கடைசித் தளம் என்றால் மொட்டை மாடியில் என்ன பதித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேலைக்கு வரும் பெண்ணும் காவலாளியும் எங்கே படுக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். ஏ.சி. வாங்கினால் உங்கள் அறைச் சூடு வெளியேறி அவர்கள் பக்கம்தான் போகும்.

ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரிகளில் இறுதி ஆண்டு மாணவர்களின் வரைபடங்களை மதிப்பிடக் கூப்பிடுகிறார்கள். யார் என்ன வரைந்திருந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: மே மாதம் இரவு 11 மணிக்கு மேல் மாடியில் யார் இருப்பார்கள்? சென்ற முறை ஒரு பெண் 100 படுக்கை மருத்துவமனை ஒன்றை வரைந்து கொண்டுவந்தாள். பிரசவ வார்டு முதல் தளத்தில், வேப்ப மரங்கள் உள்ள முற்றத்தைப் பார்த்து. மேல் மாடியில் கண்காணிப்பாளர் அறையும் கூட்ட அறையும் அலுவலகமும்; இரவில் யாரும் இல்லை. என்னுடன் இருந்த அரசாங்கப் பொறியாளர், "பெரியவர்களையெல்லாம் வெயிலில் வைத்துவிட்டாயே அம்மா?" என்றார்.

"அவர்கள் மேலே இருந்தால்தான் சார், கூரைக்குச் சீக்கிரம் நிதி வரும்" என்றாள் அந்தப் பெண்.